மதிப்பிடுகிறவருக்கு அதில் பங்கு உண்டா?



நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்த நிமிடத்தின் கனம் தெரியும். ஒரு கைப்பிடி நெல்லை அள்ளிக் கருவியில் இடுவார்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல் களத்துக்குத் திரும்பும். மீண்டும் காய வைக்க வேண்டும், மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். சம்பா அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்துவிட்டால் ஒரு புள்ளியும் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை அசைத்துவிடும். இப்போது எண்ணிப் பாருங்கள்: கருவியைக் கையில் வைத்திருப்பவர் வரிசையில் முதலில் நிற்பவருடைய மருமகன். அவர் பொய் சொல்வார் என்று யாரும் கூறவில்லை. அவர் ஐந்து வேளையும் பள்ளிக்கு வருகிறவராகவே இருக்கலாம். ஆயினும் பின்னால் நிற்பவர்கள், "இந்த நெல்லை மட்டும் வேறொருவர் அளக்கட்டும்" என்று சொல்வார்கள். அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. மருமகன் நல்ல மனிதராக இருந்தால் அவரே கருவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்.

நெல்லின் ஈரத்துக்கு நாம் கேட்கும் இந்த எளிய நியாயத்தை, அந்த நெல்லின் விதையையும் அது விளையும் மண்ணையும் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறும் அறிவியல் குழுக்களிடம் நாம் கேட்பதில்லை. ஓர் அறிக்கை வெளிவருகிறது. அதன்மேல் "நிபுணர் குழு" என்று எழுதியிருக்கிறது. ஆதரிப்பவர்கள் அதை வேதவாக்காக ஏந்துகிறார்கள், எதிர்ப்பவர்கள் விலைபோன அறிக்கை என்று தூற்றுகிறார்கள். அந்த நிபுணர்கள் யார், அவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது, எந்த ஆய்வுக்கு யாரிடம் நிதி பெற்றார்கள், மதிப்பிடப்படும் பொருளில் அவர்களுக்கோ அவர்களுடைய நிறுவனத்துக்கோ பங்கு உண்டா என்ற கேள்வியை இரு தரப்பாரும் உரிய இடத்தில், உரிய நேரத்தில் எழுப்புவதில்லை. ஒருவருடைய கடமைக்கும் அவருடைய சொந்த ஆதாயத்துக்கும் இடையே ஏற்படும் இந்த இழுபறியை நலன் முரண் என்பார்கள். அதை முன்கூட்டியே எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இது தொலைவில் உள்ள விவகாரம் என்று கூத்தாநல்லூரில் இருந்துகொண்டு நினைக்க இயலாது. நம் ஊர் வாணிபத்தாலும் கடல் கடந்த சம்பாத்தியத்தாலும் சின்ன சிங்கப்பூர் என்று பெயர் பெற்றிருக்கலாம். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டி எத்திசையில் நடந்தாலும் வயல்தான். பக்கத்து மன்னார்குடியின் பெயரிலேயே நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் வட்டாரம் ஒன்று வகுக்கப்பட்டு, 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தமும் ஆனது. அந்தப் போராட்டத்தின் அலைச்சல்களும், 2013இல் தமிழக அரசு பணிகளை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்ததும், 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் நமக்கு நினைவிருக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுச் செல்கிறேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்தால் நிலத்துக்கும் நீருக்கும் என்ன கேடு வரும் என்ற அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகரை அமர்த்துவதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் அந்தத் திட்டத்தை நடத்த விரும்பும் நிறுவனமே. நெல் விற்பவர் தாமே சம்பளம் கொடுத்து ஈரம் அளப்பவரை அழைத்து வருவதற்கு ஒப்பானது இது.

விதைக்கு வருவோம்; விஷயம் அங்கேதான் கனமாக இருக்கிறது.

நம் நாட்டில் மரபணு மாற்றப் பயிர்களுக்கான விதிகள் 1989 டிசம்பரில் வந்தன. அவற்றின்படி அனுமதி வழங்கும் உயர் குழு, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. அதன் இணைத் தலைவர் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி. அத்தொழில்நுட்பத்தை நாட்டில் வளர்ப்பதற்காகவே ஏற்பட்ட துறை அது. வளர்க்கும் கையும் வடிகட்டும் கையும் ஒன்றாக இருப்பதை 2012 ஆகஸ்டில் வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. பாசுதேவ் ஆச்சார்யா அக்குழுவின் தலைவர். எல்லாக் கட்சியினரும் அதில் இருந்தனர்.

அதற்கு முன்பே பி.டி. கத்தரி விவகாரம் நடந்திருந்தது. மஹிகோ நிறுவனம் உருவாக்கிய அந்தக் கத்தரியில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் பல்கலைக்கழகமும் கூட்டாளிகள். இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் புதிய ரகங்களை முயல்வது அதன் வேலை. ஆனால் நம் உழவர் எந்த விதையை நம்பலாம் என்று சொல்லும் இடமும் அந்தப் பல்கலைக்கழகமே என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009 அக்டோபர் 14 அன்று மதிப்பீட்டுக் குழு பி.டி. கத்தரிக்கு இசைவு தந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பல நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் கூடி மரபணு மாற்றப் பயிர்கள் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை தரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டன. அரசின் முடிவை அறிவியலாளர்கள் சுதந்திரமாக எடைபோட்டுச் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். 2010 செப்டம்பரில் அறிக்கை வந்தது, பி.டி. கத்தரியை வெளியிடலாம் என்றது. சில நாள்களில் ஒரு செய்தி வெடித்தது: அறிக்கையின் சில பத்திகள், உயிரித் தொழில்நுட்பத் துறையின் இதழ் ஒன்றில் வந்த கட்டுரையிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டவை. அக்கட்டுரையை எழுதியவரோ, பி.டி. கத்தரியை உருவாக்கும் பணியிலேயே இருந்த அரசு ஆய்வு நிறுவன விஞ்ஞானி. தேர்வு எழுதியவரின் விடைத்தாளைப் பார்த்து மதிப்பெண் பட்டியலைத் தயாரித்ததுபோல் ஆயிற்று. அமைச்சர் அறிக்கையை ஏற்கவில்லை. கழகங்கள் அதைத் திருத்தி டிசம்பரில் மறுபடியும் வெளியிட்டன. ஆனால் அந்த முதல் அறிக்கை ஏற்படுத்திய காயம் ஆறவில்லை.

அந்த அறிக்கையின் அறிவியல் முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. சரியாகவே இருந்திருக்கலாம். இழப்பு அங்கேதான். முடிவு சரியாக இருந்திருந்தாலும் அதை நம்புவதற்கான வழி அடைபட்டுவிட்டது. யார் எழுதினார், அவருக்கு அதில் என்ன தொடர்பு என்று முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால் வாசகர் அதற்கேற்ப எடைபோட்டிருப்பார். மறைவிலிருந்து வெளிப்பட்டதால் மொத்தமும் பொய்யாகத் தோன்றியது.

இந்த இடத்தில் நம் மார்க்க மரபு சொல்லும் ஒரு நுட்பத்தை நினைவுகூர்வது பொருத்தம். நபி (ஸல்) அவர்கள் ரமளானின் கடைசிப் பத்தில் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) இரவில் வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் புறப்பட்டார்கள். வழியனுப்ப நபியவர்கள் உடன் எழுந்து சென்றார்கள். அன்சாரிகளில் இருவர் அவ்வழியே வந்தவர்கள், பார்த்துவிட்டு விரைந்து நடந்தனர். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் என் துணைவி ஸஃபிய்யா என்று தெரிவித்தார்கள். அவ்விருவரும் திகைத்தனர், அல்லாஹ்வின் தூதரைப் பற்றி நாங்கள் ஐயுறுவோமா என்றனர். ஷைத்தான் மனிதனுள் இரத்தம்போல் ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் அவன் ஏதும் போட்டுவிடக்கூடும் என்று அஞ்சினேன் என்பது நபியவர்களின் மறுமொழி. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

வானவர்களின் சாட்சியம் பெற்ற தூதர், யாரும் கேட்காதபோது, யாரும் குற்றம் சாட்டாதபோது, தாமே முன்வந்து வெளிப்படுத்தினார்கள். தம் நற்பெயரைக் காப்பது மட்டும் காரணமன்று. பார்ப்பவர்களின் ஈமானைக் காப்பதும் காரணம். "என் நேர்மையை ஐயுறுகிறீர்களா?" என்று சீறும் விஞ்ஞானிகளுக்கும் அதிகாரிகளுக்கும் இந்த நிகழ்வை அமைதியாகச் சொல்லலாம். வெளிப்படுத்தச் சொல்வது உங்கள்மேல் குற்றம் சுமத்துவதாகாது. தீய எண்ணம் கொள்வதை ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குத் தடுத்திருக்கிறது. அந்த எண்ணம் முளைக்க இடம் தராமல் இருப்பது பொறுப்பில் அமர்ந்தவரின் கடமை.

நம் ஃபிக்ஹு நூல்களில் சாட்சியம் பற்றிய பாடமும் இதே திசையில்தான் செல்கிறது. கூட்டுச் சொத்தைப் பற்றிய வழக்கில் பங்காளி பங்காளிக்காகக் கூறும் சாட்சியம் ஏற்கப்படாது. மகனுக்குத் தந்தை கூறும் சாட்சியத்தையும் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. அந்தத் தந்தை பெரிய வலியாகவே இருக்கலாம்; சட்டம் அவருடைய தக்வாவை அளக்கவில்லை, அவர் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது.

ஹதீஸ் கலையோ இதைவிட நுணுக்கமானது. சக அறிஞரின் அறிவிப்பை எடைபோடும் கலையை உலகில் நம்மவர்போல் வளர்த்தவர் அரிது. இன்றைய அறிவியல் இதழ்களில் ஒருவர் ஆய்வை அத்துறையின் பிறர் படித்துத் தேர்வு செய்யும் முறைக்கு அது ஒரு மூத்த உறவு எனலாம். இமாம் புகாரியின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீயிடம் அவருடைய தந்தையின் அறிவிப்புகள் எத்தகையவை என்று கேட்டார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார். மறுபடியும் கேட்டார்கள். தலை கவிழ்ந்திருந்து, பின் நிமிர்ந்து, இது மார்க்க விஷயம், என் தந்தை பலவீனமானவர் என்றார். அவர் முதலில் செய்தது என்ன என்பதைக் கவனியுங்கள். தம் தந்தை விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் இருக்கையிலிருந்து விலகிக்கொள்ள முயன்றார். மேலும், தனிக் கொள்கை உடையவராயினும் அதற்கு மக்களை அழைக்காத ஓர் அறிவிப்பாளர் உண்மையாளராக இருந்தால் அவருடைய மற்ற அறிவிப்புகளை ஏற்கலாம், அக்கொள்கைக்கே வலுச்சேர்க்கும் அறிவிப்பை மட்டும் ஏற்பதற்கில்லை என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் பிரித்துக் காட்டினார்கள். ஒரு மனிதரை முழுதாகத் தள்ளவும் இல்லை, முழுதாகக் கொள்ளவும் இல்லை. எந்த விஷயத்தில் அவருக்குச் சார்பு உண்டோ அந்த விஷயத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள்.

இந்தப் பிரிப்பு, நலன் முரண் விதிகளுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதத்துக்கு நல்ல விடை. நெல்லின் மரபணுவை அறிந்தவர்கள் நாட்டில் சிலரே, அவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் ஆய்வு நிதியில் தொடர்புள்ளவர்கள், அவர்களை விலக்கினால் குழுவில் அறியாதவர்கள்தானே மிஞ்சுவார்கள் என்கிறார்கள். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அறிந்தவர் வந்து தாம் அறிந்ததைச் சொல்வது வேறு, அவரே தீர்ப்பெழுதுவது வேறு. தொடர்பை வெளிப்படுத்திவிட்டு விளக்கம் அளிக்கட்டும். கேள்விகளுக்குப் பதில் கூறட்டும். முடிவெடுக்கும் வேளையில் வெளியே செல்லட்டும்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மக்கள் போராடியபோது, பாதுகாப்பை ஆராய 2012 பிப்ரவரியில் தமிழக அரசு நால்வர் குழு ஒன்றை அமைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இனியன் அதன் தலைவர். உறுப்பினர்களில் ஒருவர் எம்.ஆர். சீனிவாசன். அணுசக்தித் துறையில் அவருக்கிருந்த அறிவும் பட்டறிவும் ஐயத்துக்கு இடமில்லாதவை. அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவே இருந்தவர். கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் சோவியத் ஒன்றியத்துடன் 1988 நவம்பரில் கையெழுத்தானபோது அந்தப் பதவியில் இருந்தவரும் அவரே. இதை மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது, உலகறிந்த செய்தி. எனினும் தாம் தலைமை வகித்த காலத்தில் பிறந்த திட்டத்தைத் தாமே சோதித்துச் சான்று வழங்கும் நிலையில் அவரை அமர்த்தியது முறையா? போராட்டக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். மார்ச் 19 அன்று அமைச்சரவை திட்டத்துக்கு இசைவளித்தது. சீனிவாசனைக் குழுவின் முன் சாட்சியாக அழைத்து, குழுவில் வேறொரு பொறியியலாளரை அமர்த்தியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவருடைய அறிவு அப்போதும் குழுவுக்குக் கிடைத்திருக்கும். இடிந்தகரையின் மீனவர் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துப் படிக்கவாவது செய்திருப்பார்.

உணவிலும் இதே கதைதான். நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அமைத்த அறிவியல் குழுக்களில் பெப்சிகோ, கோக்கா-கோலா, நெஸ்லே போன்ற நிறுவனங்களின் ஆட்களே உறுப்பினர்களாக இருந்தார்கள். குழுக்களில் சுதந்திரமான அறிவியலாளர்களே இருக்க வேண்டும் என்று 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் குடிக்கும் பானத்தின் மேலட்டையில் என்ன எழுதலாம் என்பதை அந்தப் பானத்தை விற்பவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

பணம் வருவது தனியாரிடமிருந்து மட்டும்தானா? அமெரிக்காவில் அரசின் அறிவியல் அறிக்கைகளை வெளி அறிஞர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்ய, வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம் 2003இல் ஒரு வரைவு வெளியிட்டது. அரசுத் துறையிடம் ஆய்வு நிதி பெற்றவர்களை அது ஐயத்தோடு பார்த்தது. தொழில் நிறுவனங்களிடம் பெற்றவர்களிடம் அந்தக் கண்டிப்பைக் காட்டவில்லை. அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே 2004 டிசம்பரில் வந்த இறுதி வடிவம் நேர்செய்யப்பட்டது. நம் நாட்டில் நிலைமை தலைகீழ்: தனியார் பணம் என்றால் ஐயுறுகிறோம், அரசு நிறுவனத்தின் பொருள் என்றால் அதில் எவருக்கும் நலன் இல்லை என்று கருதிவிடுகிறோம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச்-11 கடுகு அரசுப் பணத்தில் பிறந்தது. பதவி உயர்வு, விருது, காப்புரிமை, ஒரு வாழ்நாள் உழைப்பு வீணாகக் கூடாதே என்ற தவிப்பு எல்லாம் நலன்களே. கடைசியாகச் சொன்னது பணத்தைவிட வலியது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடுகுக்கு 2022 அக்டோபரில் தந்த அனுமதியைப் பற்றிய வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். நீதிபதி நாகரத்னா அனுமதியை நீக்கினார். நீதிபதி சஞ்சய் கரோல் அதில் தவறில்லை என்றார். ஆனால் இருவரும் ஒன்றுபட்ட இடங்கள் உண்டு. மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்றார்கள். முடிவெடுப்பதில் பங்குபெறும் ஒவ்வொரு நிபுணரின் தகுதியையும் கடந்தகாலத்தையும் கவனமாகச் சரிபார்க்க வேண்டும், நலன் முரண் இருப்பின் அறிவிக்கப்பட வேண்டும், அதற்குச் சட்ட வலிமையுள்ள விதிகள் வகுக்கலாம் என்றார்கள். அதைத் தொடர்ந்து 2024 டிசம்பர் 31 நாளிட்ட அறிவிக்கையில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1989 விதிகளுக்கான திருத்த வரைவை வெளியிட்டது. நிபுணர் உறுப்பினர் தமக்கு நேராகவோ மறைமுகமாகவோ உள்ள நலனைத் தெரிவிக்க வேண்டும், அந்த விஷயம் பேசப்படும்போது விலகியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வரவேற்க வேண்டிய அடி.

ஆனால் அதில் ஒரு சாளரம் திறந்தே இருக்கிறது: குழு கேட்டுக்கொண்டால் அவர் விவாதத்தில் கலந்துகொள்ளலாம். ஒரு குழுவில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக, நண்பராக இருக்கும் சிறிய உலகத்தில், "ஐயா இருங்கள், நீங்கள் இல்லாமல் எப்படி?" என்று கேட்டுக்கொள்வது எவ்வளவு நேரம் பிடிக்கும்? அப்படிக் கேட்டதையும் கேட்டதன் காரணத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதி வெளியிட வேண்டும் என்றாவது விதி சொல்ல வேண்டும். உறுப்பினர் தரும் உறுதிமொழித் தாள் கோப்பில் உறங்காமல் எவரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை நம் வயலுக்கு நேராக இருக்கிறது. 2025 மே 4 அன்று மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ஒன்று, ஹைதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் சம்பா மசூரியிலிருந்து உருவாக்கிய டி.ஆர்.ஆர். தான் 100, கமலா என்றும் பெயர். மற்றொன்று தில்லி நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. சம்பா மசூரி என்பது நம் பக்கத்தில் பி.பி.டி. என்று சொல்லிப் பயிரிடும் அதே நெல். முன்னதாகவே விளையும், தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள். மேட்டூர் நீருக்கு ஏங்கும் நமக்கு இது நல்ல செய்தியாகவே இருக்கக்கூடும். வேற்று உயிரின் மரபணு இதில் சேர்க்கப்படவில்லை என்ற விளக்கத்தில், இவ்வகைப் பயிர்களை 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கிவிட்டது. எனவே இவை மேற்சொன்ன உயர் குழுவின் முன் செல்வதில்லை. முதல்நிலை மதிப்பீடு, அந்த ரகத்தை உருவாக்கிய நிறுவனத்திலேயே அமைந்த உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் இருக்கிறது. அக்குழுவில் வெளியாரும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நியமன உறுப்பினரும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் வீடு அந்த நிறுவனத்தின் வீடுதான். கடுகுக்காக நீதிமன்றம் வரை சென்று பெற்ற வெளிப்படுத்தல் விதி, நாம் உண்ணும் நெல்லைத் தொடாமலே போய்விட்டது.

எதிர்ப்புத் தரப்புக்கும் இதே அளவுகோல் பொருந்த வேண்டும். பாரம்பரிய விதை விற்பவர், இயற்கை உரம் விற்பவர், வெளிநாட்டு அறக்கட்டளையிடம் நிதி பெறும் தொண்டு நிறுவனத்தவர் ஒரு குழுவில் அமர்ந்தால் அவரும் எழுதித் தர வேண்டும். நம் டெல்டாவில் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தின் விளைவுகளை ஆராயத் தமிழக அரசு 2021இல் அமைத்த குழுவுக்குப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமை ஏற்றார். மண்புழுக்களைப் பற்றிய அவருடைய ஆய்வும், மண் வளத்துக்காக அவர் பேசிவருவதும் யாவரும் அறிந்தவை. சென்னைப் புதுக்கல்லூரியில் பாடம் நடத்தியவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சியும் உண்டு. அந்த மகிழ்ச்சியே நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம். நம்மவர், நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லக்கூடியவர் என்பதால் அவருக்கு மட்டும் அந்தத் தாள் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற ஸூரத்துந் நிஸாவின் கட்டளை இத்தகைய தருணங்களுக்கே இறங்கியது.

நம் மஹல்லாக்களிலும் இதற்கு வேலை இருக்கிறது. டெல்டாவில் வக்ஃபு நஞ்சை இல்லாத பள்ளிகள் குறைவு. குத்தகை ஏலம் பேசும் கூட்டத்தில், அந்த நிலத்தைக் கேட்பவரின் அண்ணனோ சம்பந்தியோ நிர்வாகத்தில் அமர்ந்திருப்பது பல ஊர்களில் வாடிக்கை. "இதில் என் உறவினர் கேட்கிறார், நான் வெளியே இருக்கிறேன்" என்று ஒருவர் எழுந்து சென்றதாகக் கேள்விப்பட்டால் அது ஊரெல்லாம் பேசும் செய்தியாகிறது, அவ்வளவு அரிது. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றபோது, அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். ஆலோசகர் கட்டணம், வெளிநாட்டுப் பயணம், ஆய்வு நிதி ஆகியவற்றைப் பெறும் அறிவியலாளருக்கும், குத்தகைதாரரிடமிருந்து பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு மூட்டை அரிசி வீடு வந்து சேரும் நிர்வாகிக்கும் அந்தக் கேள்வி ஒன்றேதான்.

திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. நிலம் வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கே போவதே இல்லை. புதிய நெல் விதை நம் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கு வரும் நாளில், அதன் பாதுகாப்பை மதிப்பிட்டவர்களின் பெயர்ப் பட்டியலையும் அவர்கள் ஒவ்வொருவரும் எழுதித் தந்த நலன் அறிவிப்பையும் தமிழில் தாருங்கள் என்று ஒரு மனுவை அங்கே கொடுக்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதே கேள்வியை அனுப்பலாம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்; எழுதித் தர அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும், இன்ஷா அல்லாஹ்.